டேலியில் ரசீது காணவில்லையா? மறுபடியும் என்ட்ரி போடும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

"அண்ணாச்சி, 18-ம் தேதியே ஜிபேல போட்டுட்டேன். மறுபடியும் பாக்கினு மெசேஜ் அனுப்புறீங்களே?"

கடனுக்குச் சரக்கு கொடுத்துத் தொழில் செய்யும் யாருக்கும் இந்த போன் கால் புதிதல்ல. போனை வைத்ததும் அடுத்த கேள்வி கணக்கு எழுதுகிறவரிடம் போகும். "ஏம்மா, அந்த 18,500 ரூபாயை வரவு வச்சியா, இல்லையா?"

"வச்சேன் சார். நான்தான் என்ட்ரி போட்டேன்."

ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் ரசீதைக் காணோம். பணம் எங்கே போச்சு? வாடிக்கையாளர் பொய் சொல்கிறாரா, ஊழியர் மறைக்கிறாரா, சாஃப்ட்வேர் முழுங்கிவிட்டதா?

பல நேரங்களில் இந்த மூன்றுமே காரணமில்லை. ரசீது உள்ளேயேதான் இருக்கும், பார்க்கும் இடத்தில் தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்குப்படி போனால், யார் மீதும் பழி விழாமல் விஷயம் முடிந்துவிடும்.

ஒரு ரசீது எத்தனை இடத்தில் தெரியும்?

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட டேலி நிறுவனம் 1986-ல் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் மளிகை மொத்தக் கடை முதல் பனியன் கம்பெனி வரை, கணக்கு என்றாலே 'டேலி போடுறது' என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது. 2020-ல் வந்த 'டேலி பிரைம்' என்ற பதிப்புதான் இப்போது பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

இதில் பணம் வந்தால் 'ரிசிப்ட்' வவுச்சர் போட வேண்டும். அதற்கான கீ எஃப்6. என்ட்ரி ஒன்றுதான். ஆனால் அது நான்கு இடங்களில் தெரியும்.

• டே புக் - அன்றைய தேதியில் நடந்த எல்லா என்ட்ரிகளும்
• வாடிக்கையாளரின் லெட்ஜர் - அவர் கணக்கில் வரவு
• கேஷ் அல்லது பேங்க் லெட்ஜர் - பணம் வந்து சேர்ந்த இடம்
• அவுட்ஸ்டாண்டிங் - எந்த பில்லுக்குப் பணம் வந்தது, எது பாக்கி என்ற பட்டியல்

'ரசீது காணோம்' என்று சொல்பவர் இந்த நான்கில் எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. ஓர் இடத்தில் தெரியவில்லை என்பதால் என்ட்ரியே இல்லை என்று ஆகிவிடாது.

மறுபடியும் என்ட்ரி போட்டால் என்ன?

"சரி விடு, இன்னொரு தடவை போட்டுடு." கடைகளில் சட்டென்று எடுக்கப்படும் முடிவு இது. அப்போதைக்கு வாடிக்கையாளரின் பாக்கி சரியாகிவிடும். ஆனால் பழைய என்ட்ரி வேறு எங்கோ உட்கார்ந்திருந்தால், ஒரே பணம் இரண்டு முறை வரவாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த மாதம் பேங்க் ஸ்டேட்மெண்ட்டோடு ஒப்பிடும்போது புத்தகத்தில் 18,500 ரூபாய் அதிகமாக நிற்கும். அதைத் தேட இன்னொரு நாள் போகும்.

ரொக்கமாக வாங்கிய பணம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. ஒரே நபரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்கு இணையான அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் 1,20,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார். என்ட்ரி தெரியவில்லை என்று அதே தேதியில் மறுபடியும் ஒன்று போட்டாயிற்று. புத்தகத்தைப் பார்ப்பவருக்கு அந்த நபரிடமிருந்து ஒரே நாளில் 2,40,000 ரூபாய் ரொக்கம் வந்ததாகத்தான் தெரியும். உண்மையில் வாங்காத பணத்துக்கு விளக்கம் சொல்லும் நிலை வரும்.

ஆகவே, தேடி முடிக்கும் வரை புது என்ட்ரி வேண்டாம்.

முதலில்: பணம் உண்மையிலேயே வந்ததா?

டேலியைத் திறக்கும் முன் பேங்க் ஸ்டேட்மெண்ட்டைத் திறக்க வேண்டும். கணக்குப் புத்தகம் நாம் எழுதியது. ஸ்டேட்மெண்ட் வங்கி எழுதியது. சந்தேகம் வந்தால் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் ஸ்கிரீன்ஷாட் மட்டும் கேட்டால் போதாது. யுபிஐ என்றால் 12 இலக்க ரெஃபரன்ஸ் எண், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்றால் யுடிஆர் எண் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண் ஸ்டேட்மெண்ட்டில் இருந்தால் பணம் வந்துவிட்டது. இல்லை என்றால் பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கலாம், அல்லது பரிவர்த்தனை தோல்வியடைந்து அவருக்கே திரும்பியிருக்கலாம். முதலாளியின் சொந்த நம்பருக்கு ஜிபே செய்திருந்தால், கடையின் பேங்க் கணக்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

தொகை அப்படியே இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. மூன்று சூழ்நிலைகளில் பில் தொகையும் வங்கிக்கு வரும் தொகையும் ஒத்துப்போகாது.

• கியூஆர் கோடு சேவைகள் சிலவற்றில் ஒரு நாளில் வந்த பணமெல்லாம் ஒரே தொகையாகச் சேர்ந்து வங்கிக்கு வரும். 18,500 என்ற தொகை தனியாக இருக்காது. அந்த சேவையின் செயலியில் உள்ள பட்டியலைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.
• கார்டு தேய்த்தால் சேவைக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும்.
• வாங்கியவர் டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்த அளவு குறையும். 1,00,000 ரூபாய் வேலைக்கு 2 சதவீதம் பிடித்தால் வருவது 98,000. "98 ஆயிரம் யாரோடது?" என்று தெரியாமல் அந்த வரவை எழுதாமலே விட்டுவிடும் அலுவலகங்கள் உண்டு.

பணம் வந்தது உறுதியானால், இப்போது டேலி பக்கம் போகலாம். தேட வேண்டியவை மூன்று வகை: என்ட்ரி இருக்கிறது, ஆனால் திரையில் தெரியவில்லை. என்ட்ரி இருக்கிறது, ஆனால் தப்பான இடத்தில் இருக்கிறது. என்ட்ரியே இல்லை. இதே வரிசையில் தேடினால் நேரம் மிச்சம்.

என்ட்ரி இருந்தும் தெரியாமல் போவது ஏன்?

தேதி: டே புக்கைத் திறந்தால் அது பொதுவாக ஒரே ஒரு நாளின் என்ட்ரிகளைத்தான் காட்டும். 18-ம் தேதி ரசீதை 25-ம் தேதி டே புக்கில் தேடினால் வராது. ஆல்ட் + எஃப்2 அழுத்தி, நிதியாண்டின் தொடக்கமான ஏப்ரல் 1 முதல் இன்று வரை என்று காலத்தை விரித்துப் பார்க்க வேண்டும். 5-6 என்பதை 6-5 என்று அடித்த என்ட்ரிகளும் இப்படி விரித்தால்தான் அகப்படும்.

கம்பெனி: ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிய கம்பெனி உருவாக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அப்போது பழைய வருடம், புதிய வருடம் என இரண்டு கம்பெனிகள் ஒரே பெயரில் இருக்கும். மார்ச் கடைசியில் வந்த பணத்தைப் புதிய கம்பெனியில் போட்டிருப்பார்கள், பழையதில் தேடிக்கொண்டிருப்பார்கள். எஃப்3 அழுத்தி எந்தக் கம்பெனி திறந்திருக்கிறது, அதன் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

ஆப்ஷனல்: இது கைதவறி நடக்கும் விஷயம். வவுச்சர் போடும்போது கன்ட்ரோல் + எல் அழுத்திவிட்டால் அந்த என்ட்ரி 'ஆப்ஷனல்' ஆகிவிடும். அதாவது, எழுதி வைத்த குறிப்பு மாதிரி இருக்குமே தவிர, கணக்கில் சேராது. லெட்ஜரில் பாக்கி குறையாது. ஊழியர் "நான் போட்டேனே சார்" என்று சத்தியம் செய்வது இங்கே நூற்றுக்கு நூறு உண்மை. அவர் போட்டிருக்கிறார், டேலி அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

போஸ்ட் டேட்டட்: கன்ட்ரோல் + டி அழுத்தினால் வவுச்சர் 'பின் தேதியிட்டது' ஆகும். முன்கூட்டியே வாங்கி வைக்கும் செக்குகளுக்காக உள்ள வசதி இது. அந்தத் தேதி வரும் வரை கணக்கில் சேராது.

இந்த இரண்டையும் பிடிக்க ஒரே இடம் போதும். 'டிஸ்ப்ளே மோர் ரிப்போர்ட்ஸ்' என்பதற்குள் 'எக்ஸப்ஷன் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆப்ஷனல் வவுச்சர், போஸ்ட் டேட்டட் வவுச்சர் இரண்டுக்கும் அங்கே தனித்தனிப் பட்டியல் உண்டு. வருடக்கணக்கில் டேலி பயன்படுத்தியும் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

தப்பான இடத்தில் போய் உட்கார்ந்த ரசீது

ஒரே பெயரில் இரண்டு பேர்: 'செந்தில் எலெக்ட்ரிக்கல்ஸ்', 'ஸ்ரீ செந்தில் எலெக்ட்ரிக்கல்ஸ்', 'செந்தில் எலெக்ட்ரிகல்' என்று மூன்று லெட்ஜர்கள் இருந்தால், அவசரத்தில் எந்தப் பெயரில் கை விழும் என்று சொல்ல முடியாது. ஒருவருடைய பணம் இன்னொருவர் கணக்கில் வரவாகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பாக்கி அதிகமாகக் காட்டப்படுபவர் போன் செய்து சண்டை போடுவார். பாக்கி குறைந்துபோனவர் வாயே திறக்க மாட்டார்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வாடிக்கையாளரின் லெட்ஜரில் தேடாமல் பேங்க் லெட்ஜரைத் திறந்து, பணம் வந்த தேதியில் அந்தத் தொகையைத் தேட வேண்டும். 18,500 அங்கே இருந்தால், அதற்கு எதிரே யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ரிசிப்ட்டுக்குப் பதில் பேமென்ட்: எஃப்6 அழுத்த வேண்டிய இடத்தில் எஃப்5 அழுத்தினால், வரவுக்குப் பதில் செலவு பதிவாகிவிடும். வாடிக்கையாளர் பணம் கொடுத்ததற்குப் பதிலாக, கடை அவருக்குப் பணம் கொடுத்ததாக ஆகிவிடும். 18,500 ரூபாய் பாக்கி பூஜ்யம் ஆவதற்குப் பதில் 37,000 ஆகும்.

கேஷ் சேல்: பழைய பாக்கிக்கு வந்த பணத்தை, புதிதாக விற்றது போல ரொக்க விற்பனை பில்லாகப் போட்டுவிடுவதும் நடக்கிறது. பாக்கி அப்படியே நிற்கும். கூடவே விற்பனைத் தொகை கூடி, ஏற்கெனவே வரி கட்டிய சரக்குக்கு இன்னொரு முறை ஜிஎஸ்டி கட்ட நேரும்.

'ஆன் அக்கவுண்ட்': வாடிக்கையாளருக்கும் கடைக்கும் அதிகம் சண்டை மூட்டுவது இதுதான். பில் வாரியாகக் கணக்கு வைத்திருந்தால், ரசீது போடும்போது இந்தப் பணம் எந்த பில்லுக்கு என்று டேலி கேட்கும். 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' என்று கொடுத்து பில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் 'ஆன் அக்கவுண்ட்' என்று விட்டுவிட்டால், பணம் அவர் கணக்கில் வரவாகும், ஆனால் எந்த பில்லிலும் கழியாது.

விளைவு? லெட்ஜரைப் பார்த்தால் பாக்கி இல்லை. அவுட்ஸ்டாண்டிங் பட்டியலைப் பார்த்தால் அந்த பில் இன்னும் பாக்கி என்றே நிற்கும். வசூலுக்குப் போகிறவர் கையில் இருப்பது இரண்டாவது பட்டியல். அதை வைத்துத்தான் அவர் போன் போடுகிறார், "சார், இந்த பில் 60 நாள் ஆச்சு" என்று. கணக்குப் பார்ப்பவர் சொல்வதும் சரி, வசூலுக்குப் போகிறவர் சொல்வதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யப் புது என்ட்ரி தேவையில்லை. பழைய ரசீதைத் திறந்து, 'ஆன் அக்கவுண்ட்' என்பதை 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' என்று மாற்றி, உரிய பில்லைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்.

வித்தியாசத் தொகையே துப்பு சொல்லும்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த மூன்று சூத்திரங்கள் இன்றும் வேலை செய்கின்றன.

வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 37,000 ரூபாய் இடிக்கிறது என்றால் பாதி 18,500. அந்தத் தொகையில் ஓர் என்ட்ரி இருந்தால், அது வரவுக்குப் பதில் பற்றில் எழுதப்பட்டிருக்கலாம்.

ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 18,500 என்பதை 15,800 என்று அடித்திருந்தால் வித்தியாசம் 2,700. ஒன்பதால் வகுத்தால் 300. சரியான தொகையைத் தேடும்போது இந்த என்ட்ரி அகப்படாது. அதனால்தான் 'காணோம்' என்று தோன்றும்.

கேஷ் மைனஸில் போகிறதா என்று பாருங்கள். கல்லாவில் இருக்கும் பணம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. ஆனால் கேஷ் லெட்ஜரில் ஒரு நாள் மைனஸ் காட்டினால், இல்லாத பணத்தைச் செலவு செய்ததாக ஆகிறது. அதாவது அந்த நாளுக்கு முன்பு வந்த ஏதோ ஒரு ரொக்க வரவு எழுதப்படவில்லை, அல்லது பிந்தைய தேதியில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த நாளில் முதன்முதலாக மைனஸ் ஆகிறதோ, அங்கிருந்து பின்னோக்கித் தேட ஆரம்பிக்கலாம்.

என்ட்ரியே இல்லை என்றால்?

மேலே சொன்ன எல்லா இடத்திலும் தேடியாயிற்று, இல்லை. இப்போதுதான் 'போச்சு' என்ற வார்த்தைக்கு அர்த்தம் வருகிறது. அப்போதும் முதல் சந்தேகம் ஆள் மீது போக வேண்டியதில்லை. பென் டிரைவ் மீது போகலாம்.

பல சிறு கடைகளில் நடப்பது இதுதான். 10-ம் தேதி டேட்டாவை பென் டிரைவில் காப்பி செய்து ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே திருத்தங்கள் செய்ய 10 நாள் ஆகிறது. அந்த 10 நாளும் கடையில் வழக்கம்போல பில், ரசீது எல்லாம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 20-ம் தேதி பென் டிரைவ் திரும்பி வருகிறது. "ஆடிட்டர் சரி பண்ணின டேட்டா, இதைப் போட்டுக்கோ" என்று அதைப் பழைய டேட்டாவின் மீதே ஏற்றுகிறார்கள்.

அந்த நொடியில், 10-ம் தேதிக்குப் பிறகு கடையில் போட்ட அத்தனை என்ட்ரிகளும் போய்விடும். யாரும் எதையும் அழிக்கவில்லை. ஆனால் 18-ம் தேதி ரசீது இல்லை.

இதை அடையாளம் காண்பது எளிது. ஒரு ரசீது மட்டும் காணோம் என்றால் அது என்ட்ரி பிழை. குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு பில், ரசீது, செலவு என எல்லாமே காணோம் என்றால், பழைய டேட்டா மேலே ஏறிவிட்டது என்று கொள்ளலாம். பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்போதும் இதே விபத்து நடக்கும்.

இந்த நிலையில் செய்யக் கூடாதது, தொடர்ந்து என்ட்ரி போடுவது. செய்ய வேண்டியது:

• இப்போதிருக்கும் டேட்டாவைத் தனி ஃபோல்டரில் காப்பி எடுத்து வைக்க வேண்டும்.
• கடையில் உள்ள மற்ற கம்ப்யூட்டர், பழைய பென் டிரைவ், இமெயில், பேக்கப் ஃபோல்டர் எல்லாவற்றிலும் 20-ம் தேதிக்குக் கொஞ்சம் முன்பு எடுத்த பேக்கப் இருக்கிறதா என்று தேட வேண்டும்.
• கிடைத்தால் அதை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்ய வேண்டும். நடப்பு டேட்டாவின் மீது ஏற்றக் கூடாது.
• இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்டவற்றை மட்டும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. லைசென்ஸ் செயல்படாமல் டேலி 'எஜுகேஷனல் மோட்' எனப்படும் பயிற்சி நிலையில் திறந்திருந்தால், மாதத்தின் 1, 2 போன்ற குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும். கவனிக்காமல் எல்லா ரசீதையும் 1-ம் தேதியில் போட்டுவிட்டு, 18-ம் தேதியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மின்வெட்டில் கம்ப்யூட்டர் திடீரென அணைந்து டேட்டா பழுதாகியிருந்தால், டேட்டா மெனுவில் 'ரிப்பேர்' என்ற வசதி இருக்கிறது. அதைத் தொடும் முன்பும் ஒரு காப்பி எடுத்து வைப்பது கட்டாயம்.

யாராவது அழித்திருந்தால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஏற்பாடு செய்து வைத்திருந்தால்.

டேலியில் ஆல்ட் + டி அழுத்தினால் வவுச்சர் அழிந்துவிடும். வவுச்சர் எண்களை மறுவரிசைப்படுத்தும்படி செட்டிங் வைத்திருந்தால், 45-ம் எண் ரசீதை அழித்ததும் 46-வது 45 ஆகிவிடும். நடுவில் ஓர் எண் விடுபட்டதே தெரியாது. அழித்தாலும் பழைய எண்கள் அப்படியே இருக்கும்படி செட்டிங்கை மாற்றினால், விடுபட்ட எண்ணே காட்டிக்கொடுக்கும்.

இதைவிட வலுவானது 'எடிட் லாக்'. எந்த என்ட்ரி எப்போது போடப்பட்டது, யார் மாற்றியது, யார் அழித்தது என்று பதிவு செய்யும் வசதி இது. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், இப்படி மாற்றங்களைப் பதிவு செய்யும், அந்தப் பதிவை நிறுத்த முடியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தனிநபர் கடைகளுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நிபந்தனை. கடையில் நான்கு பேர் ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போனால், எடிட் லாக் சொல்லும் பெயரால் எந்தப் பயனும் இல்லை. ஆளுக்கொரு யூசர் வேண்டும். அது குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல. தப்பு செய்யாத ஊழியர் 'நான் அழிக்கலை' என்று நிரூபிக்கவும் அதுதான் சாட்சி.

ஜோஹோ புக்ஸ், மொபைல் செயலி பயன்படுத்துபவர்களுக்கு?

மென்பொருள் மாறினாலும் கேள்விகள் அதேதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ புக்ஸ்' போன்ற ஆன்லைன் மென்பொருள்களில், வந்த பணத்தை இன்வாய்ஸோடு இணைக்காமல் விட்டால் அது வாடிக்கையாளர் பெயரில் பயன்படுத்தப்படாத கிரெடிட்டாக நிற்கும். டேலியின் 'ஆன் அக்கவுண்ட்' கதைதான் இங்கேயும். வங்கியிலிருந்து தானாக வரும் பரிவர்த்தனைகள், யாராவது வகைப்படுத்தும் வரை கணக்கில் சேராமல் காத்திருக்கும். அந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

மொபைல் செயலியில் பில் போடுபவர்கள், ஒரு போனில் போட்டது இன்னொரு போனில் தெரியவில்லை என்றால் முதலில் சின்க் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்க் ஆகாத நிலையில் செயலியை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால், போனில் மட்டும் இருந்த ரசீதுகள் நிஜமாகவே போய்விடலாம்.

கடைசிவரை கிடைக்கவில்லையா?

பணம் வங்கியில் இருக்கிறது, என்ட்ரி எங்குமே இல்லை என்று உறுதியான பிறகு புது ரசீது போடலாம். பணம் வந்த உண்மையான தேதியில் போட வேண்டும், இன்றைய தேதியில் அல்ல. நரேஷன் பகுதியில் யுடிஆர் எண்ணையும், விடுபட்டதால் பின்னர் சேர்க்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். நாளைக்கு ஆடிட்டர் கேட்டால் அந்த ஒரு வரி பதில் சொல்லும்.

அந்த மாதத்துக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்டிருந்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பில்லுக்கு வந்த பணம் என்றால் வரியில் மாற்றம் இருக்காது, பில் போட்டபோதே வரி கணக்கில் வந்துவிட்டது. ஆனால் சேவைக்காக வாங்கிய அட்வான்ஸ் என்றால், பில் போடும் முன்பே வாங்கிய தொகைக்கு வரி உண்டு, அதற்கு ரிசிப்ட் வவுச்சரும் கொடுக்க வேண்டும். பொருளுக்கான அட்வான்ஸுக்கு வரி கட்டும் முறை 2017 நவம்பரில் பொதுவாக விலக்கப்பட்டுவிட்டது. எனவே கேட்டரிங், ஒப்பந்த வேலை, வாடகை போன்றவற்றில் அட்வான்ஸ் ரசீது காணாமல் போயிருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இனி காணாமல் போகாமல் இருக்க

• கடை மூடும் முன் டேலியின் கேஷ் பாக்கியும் கல்லாவில் உள்ள பணமும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்க்கவும்.
• வாரம் ஒருமுறை பேங்க் ஸ்டேட்மெண்ட்டோடு ஒப்பிடவும். ஒரு வாரத்தில் தேடுவது பத்து நிமிட வேலை. மார்ச் மாதத்தில் தேடுவது பத்து நாள் வேலை.
• ஒவ்வொரு ரசீதிலும் யுபிஐ அல்லது யுடிஆர் எண்ணை எழுதவும்.
• ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே லெட்ஜர். பெயரோடு ஊரையும் சேர்த்து வைத்தால் குழப்பம் குறையும்.
• மாதம் ஒருமுறை ஆப்ஷனல், போஸ்ட் டேட்டட் பட்டியல்களையும் 'ஆன் அக்கவுண்ட்' தொகைகளையும் பார்க்கவும்.
• பேக்கப் ஃபோல்டருக்குத் தேதியைப் பெயராக வைக்கவும். பழையதன் மீது புதியதை எழுத வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.
• ஆடிட்டருக்கு டேட்டா போனால், அது திரும்பும் வரை இங்கே என்ட்ரி நிறுத்தப்படுமா, அல்லது அவர் சொல்லும் திருத்தங்களை இங்கேயே போடுவதா என்று முதலிலேயே பேசி முடிவு செய்யவும். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடந்தால் ஒன்று நிச்சயம் அழியும்.

18,500 ரூபாய் ரசீது கடைசியில் 'ஆன் அக்கவுண்ட்'டில் கிடைத்தால், இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. வாடிக்கையாளருக்கு ஒரு போன்: "தப்பு எங்க பக்கம்தான் தம்பி, பணம் வந்துடுச்சு. பில்லை முடிச்சாச்சு." அடுத்து, காலையில் குரல் உயர்த்திக் கேள்வி கேட்கப்பட்ட அந்த ஊழியரிடமும் அதையே சொல்ல வேண்டும்.